தழும்பும் கறையும்

பழைய புகைப்படங்களைக் கணினியில் செப்பனிடும் வேலையைத் தொடங்குவது எப்படி என்று நண்பர்கள் சிலர் எங்களிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. சிற்றிதழ் அட்டைகள், மறைந்த எழுத்தாளர்களின் படங்கள், யார் வீட்டுப் பரணிலோ கிடந்த குழுப்படங்கள் என்று நாங்கள் மூவர் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம் என்பதால் எழும் கேள்வி அது. எந்த ஸ்கேனர் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்பதே பெரும்பாலும் அவர்கள் அறிய விரும்புவது. அதற்கான விடை நான்கு வரிகளில் அடங்கிவிடும். ஆனால் அந்த நான்கு வரிகளை மட்டும் சொல்லி அனுப்பிவைத்தால் நாங்கள் செய்த பிழையையே அவர்களும் செய்வார்கள். எனவே முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். மரபுக்கவிதைகள் எழுதியவர், கையெழுத்து இதழொன்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்தியவர். அச்சேறாமல் கிடந்த அவருடைய கவிதைகளைச் சிறு நூலாகக் கொண்டுவர 2009இல் முனைந்தோம். நூலுக்குப் படம் வேண்டுமென்றபோது அவருடைய பேரன் ஒரு குழுப்படத்தைக் கொண்டுவந்து தந்தார். ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் 1962இல் எடுத்தது. முன்வரிசையில் ஏழுபேர் நாற்காலிகளில். பின்னால் எட்டுப்பேர் நின்றுகொண்டு. ஆசிரியர் நடு நாற்காலிக்கு இடப்புறம், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சற்றே முறைத்தபடி. அட்டையின் ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. குறுக்கே ஒரு மடிப்பு. இடது மூலையிலிருந்து மழைநீர் இறங்கிய பழுப்புக் கறை.

மூன்று இரவுகள் உழைத்தோம். மடிப்பை மறைத்தோம், கறையை நீக்கினோம். அதன்பிறகும் படமெங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமையின்றி, தூசையும் கீறலையும் ஒரே அழுத்தில் அகற்றுவதற்கென்று மென்பொருளில் இருக்கும் வடிகட்டியை முழுப் படத்தின்மேலும் ஓட்டினோம். முகங்கள் பளிச்சென்று வந்தன. அதே கோப்பின்மேல் அப்படியே சேமித்தோம். ஆசிரியரின் முகத்தைத் தனியே பெரிதாக்கி நூலில் இட்டோம். வீட்டாருக்கும் ஒரு பெரிய அச்சுப் போட்டுக் கொடுத்தோம். பேரன் மகிழ்ந்துபோனார். அவர் பிறக்கும் முன்பே தாத்தா காலமாகியிருந்தார் என்பதை அப்போது நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

2022இல் ஆசிரியரின் நூற்றாண்டு வந்தது. விரிவான பதிப்பொன்றைத் திட்டமிட்டு மீண்டும் அவ்வீட்டுக்குப் போனோம். நெடுங்காலம் வடக்கே வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த மூத்த மகள் அப்போது அங்கிருந்தார். எழுபதைக் கடந்தவர். கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் படத்தைக் காட்டி, "இதைச் செஞ்சது நீங்கதானா?" என்று கேட்டார். பெருமையோடு தலையசைத்தோம். "அப்பா மூஞ்சியில அம்மைத் தழும்பு இருக்குமே, அதை என்ன பண்ணினீங்க?" என்றார்.

சின்ன வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டிருக்கிறது. இரண்டு கன்னங்களிலும் மூக்கின்மேலும் குழிகள். நாங்கள் தூசு என்று எடுத்தெறிந்தவற்றுள் பாதி அவர் முகம்.

மூலப்படத்தைக் கொடுங்கள், மறுபடி செய்கிறோம் என்றோம். புதுப் படந்தான் வந்துவிட்டதே என்று பழைய அட்டையை வீட்டில் எப்போதோ கழித்துக்கட்டியிருந்தார்கள். எங்களிடம் இருந்த கோப்போ, நாங்களே அதன்மேல் எழுதி அழித்தது. வீட்டில் எஞ்சியிருந்த இன்னொரு படம் திருமணத்தின்போது ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் மாப்பிள்ளையின் முகம் மெழுகுபோல் வழவழவென்றிருக்கிறது, ஒரு குழிகூட இல்லை.

அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கணினி வந்தபிறகுதான் படங்கள் பொய் சொல்லத் தொடங்கின என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அந்நாளைய ஸ்டுடியோக்களில் படமெடுப்பவருக்கு இணையான மதிப்பு 'டச்சிங்' செய்பவருக்கு உண்டு. நெகட்டிவைச் சாய்ந்த கண்ணாடி மேசைமேல் வைத்து, அடியிலிருந்து ஒளிவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு வேலை செய்வார். நெகட்டிவில் கருமை கூடினால் அச்சில் வெண்மை கூடும். ஆகவே முகத்தின் சுருக்கமும் குழியும் நிழலாக விழுந்த இடத்தையெல்லாம் பென்சிலால் நிரப்பிவிட்டால் அச்சில் முகம் சமமாகிவிடும். அச்சின்மேல் வண்ணந்தீட்டி, அணியாத நகையை அணிவித்த படங்களும் உண்டு. உயிரோடிருந்தபோது ஒரு படமும் எடுத்திராதவரை இறந்தபின் எடுத்து, மூடிய கண்களின்மேல் திறந்த கண்களை வரைந்துகொடுத்ததும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் திரட்டி எண்மப்படுத்தியிருக்கிறது. இந்தக் கைவேலையின் வரலாற்றை அறிய விரும்புவோர் அத்தொகுப்பைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் மோசடி என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. இறந்த மனைவியின் கண்களைத் திறந்துவைத்துப் பார்க்க ஒருவர் விரும்பினார். அதை ஒரு கலைஞர் செய்துகொடுத்தார். அது அவர்களுக்குள் நடந்தது, கூலியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அது மெருகேற்றல். படத்தில் இருப்பவர் எப்படித் தோன்றவேண்டும் என்று யாரோ விரும்பியதற்கு இணங்கச் செய்வது. நாங்கள் செய்யப் புகுந்த வேலை வேறு. காலம் காகிதத்துக்குச் செய்ததை விலக்கிவிட்டு, அன்று கேமரா கண்டதை மீண்டும் காணும்படி செய்வது. இரண்டுக்கும் கருவிகள் ஒன்றேதான்; வேலை செய்யும் அறைகூட ஒன்றேதான். அதனால்தான் குழப்பம் நேர்கிறது. திருமணப் படத்தில் டச்சிங் கலைஞர் தெரிந்தே தழும்பை அழித்தார். குழுப்படத்தில் அந்தச் சிரமத்தை யாரும் மேற்கொள்ளவில்லை, பதினைந்து முகங்களுக்கு யார் பென்சில் தேய்ப்பது! ஆக, அந்த மனிதரின் உண்மையான முகம் தப்பிப் பிழைத்திருந்த ஒரே இடம் அதுதான். அங்கே நாங்கள் போய்ச்சேர்ந்தோம்.

இவ்வேலையில் புதிதாக இறங்குபவர் கற்கவேண்டியது, ஒரு புள்ளியைக் கண்டால் அது காகிதத்துக்கு உரியதா, மனிதருக்கு உரியதா என்று கேட்பதைத்தான். மென்பொருள் அதற்குப் பின்னால்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏட்டுச்சுவடியிலிருந்து நூலைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட அதே கேள்விதான் இது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. பிற்பகுதியில் இன்னும் பல பாட்டுகள் சிதைந்திருந்தன. அவற்றை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலா? யாப்பு அறிந்தவர், சங்கச் சொல்லாட்சி கைவந்தவர். அவர் எழுதிச் சேர்த்திருந்தால் நம்மில் எத்தனைபேர் கண்டுபிடித்திருப்போம்? சிதைந்த இடத்தில் புள்ளிகளை இட்டு, இருப்பதை இருந்தபடி அச்சிடுவதுதான் அப்பதிப்பு மரபு. இன்றைக்கும் புறநானூற்றைப் புரட்டுகையில் அந்தப் புள்ளிகள் நம் கண்ணில் படுகின்றன. செல் அரித்த ஏட்டின் வடிவத்தை அவை அப்படியே நமக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

ஓவிய உலகிலும் இதையொத்த ஒரு வழி உண்டு. இத்தாலியில் செசாரே பிராண்டி முன்னின்று நடத்திய மீட்பு நிறுவனத்தில், உதிர்ந்துபோன இடங்களை நெருக்கமான மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை 1940களில் வகுத்தார்கள். எட்ட நின்று பார்ப்பவருக்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். கிட்டே வந்தால் கோடுகள் தெரியும், எது பழையது எது பின்னர் சேர்த்தது என்பது விளங்கிவிடும். பார்ப்பவரை ஏமாற்றாமல் பார்வைக்கு உதவுவது எப்படி என்பதற்கு இதைவிட நேர்த்தியான விடையை நாங்கள் அறியோம்.

நிற்க. தொடங்க விரும்புவோருக்குச் செய்முறையும் வேண்டுமல்லவா?

படத்தைக் கையில் வாங்கியதும் கணினியை நாடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பின்புறம் திருப்பிப் பாருங்கள். பெயர், தேதி, ஸ்டுடியோவின் முத்திரை ஏதேனும் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் படியெடுக்கவேண்டும். பிறகு, படத்திலிருப்பவரை நேரில் கண்டவர் ஒருவரேனும் இருந்தால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மச்சம், தழும்பு, மாறுகண், உடைந்த பல் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். மகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவே.

நம்மூர் ஈரப்பதத்தில் சட்டமிட்ட படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். காகிதத்தின்மேல் உள்ள ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் பிரதிபலிப்பைத் தவிர்த்து, புகைப்படமாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஸ்கேனரில் வைப்பதானால், அது தானாகச் செய்யும் திருத்தங்கள் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். தூசு நீக்கம், கூர்மை, வண்ணச் சீர்மை எதுவும் வேண்டாம். பெரிய படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும். இரண்டுக்கு மூன்று அங்குலச் சிறிய படமானால் 1200 வைக்கலாம். 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். 16 பிட் வண்ணத்தில் டிஃப் கோப்பாகச் சேமித்தால் 52 மெகாபைட் அளவுக்கு வரும். வட்டில் இடம் அடைக்கிறதே என்று கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து அதன்மேல் எதையும் செய்யாதீர்கள். படி எடுத்து, படியின்மேல்தான் வேலை. எங்களைப்போல் அசல்மேல் எழுதுபவருக்கு மன்னிப்பு கிடையாது.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யவேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். காரணம் உண்டு. வண்ணக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தளங்களாகப் பிரியும். மூன்றையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் பார்க்கலாம். பழுப்புக் கறை சிவப்புத் தளத்தில் ஏறக்குறைய மறைந்தே போய்விடும். நீலத்தில் அது கரேலென்று தெரியும். அப்படியானால் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வெள்ளி மங்கி மஞ்சளாகிப்போன இடங்களில், எஞ்சியிருக்கும் கண்ணும் புருவமும் நீலத் தளத்தில்தான் அழுத்தமாகத் தெரியும். கறையைக் காட்டிக்கொடுக்கும் நீலம்தான் மங்கிய முகத்தையும் காட்டுகிறது. இடத்துக்கு இடம் பார்த்துப் பார்த்து இரண்டையும் கலக்கவேண்டியிருக்கிறது. ஒரு படத்தோடு இப்படி ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்ட பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்பதே நமக்குத் தெரியவரும்.

மென்பொருளைப் பொறுத்தவரை கிம்ப் இலவசம், போதுமானது. ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. 1994இல் அதற்குள் 'லேயர்' எனப்படும் அடுக்குகள் வந்தன. மீட்பு வேலைக்கு இதுவே பெரிய வரம் என்போம். கீழடுக்கில் படம் தொடப்படாமல் இருக்க, நம் திருத்தங்கள் யாவும் மேலடுக்கில் தனியே நிற்கும். கீறலுக்கு ஓர் அடுக்கு, மடிப்புக்கு ஒன்று, முகத்தைத் தொட்டே ஆகவேண்டியிருந்தால் அதற்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், எதை நாம் சேர்த்தோம் என்பதை எப்போது வேண்டுமானாலும் அணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உ.வே.சா. இட்ட புள்ளிகளுக்கு நிகராகக் கணினியில் நமக்குக் கிடைத்திருப்பது இந்த அடுக்குதான். அக்கம்பக்கத்திலிருந்து பிரதியெடுத்து ஒட்டும் 'குளோன்' கருவியை நன்கு பழகுங்கள். 2002இல் வந்த 'ஹீலிங் பிரஷ்' அதைவிட எளிது, ஆகவே அதைவிட ஆபத்து. வானம், சுவர், வேட்டியின் வெள்ளை ஆகியவற்றில் தாராளமாகக் கை வையுங்கள். கண், வாய், கை விரல்கள், எழுத்து ஆகியவற்றில் சிதைவு இருந்தால் இருக்கட்டும்.

இவ்வளவு எதற்கு, கைப்பேசியில் ஒரு தொடுதலில் ஆகிவிடுகிறதே என்று இளைய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். பார்க்கவேண்டிய நிலைமை எங்களுக்கு நேர்ந்தது. ஆசிரியரின் குழுப்படத்தை 2009இல் ஸ்கேன் செய்த அன்றே, வேலையைத் தொடங்கும் முன்பு, நண்பர் ஒருவருக்கு மின்னஞ்சலில் சிறிதாக்கி அனுப்பியிருந்தோம். அந்த இணைப்பு மட்டும் அவருடைய அஞ்சல்பெட்டியில் பிழைத்திருந்தது. மொத்தப் படமே 800 புள்ளி அகலம். ஆசிரியரின் முகம் 40 புள்ளி. தழும்பு தெரியவில்லை. கன்னம் சீராக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்த முகத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றிடம் கொடுத்தோம். சில நொடிகளில் பெரிய, கூர்மையான முகமொன்று வந்தது. ஒவ்வொரு இமைமயிரும் எண்ணும்படி இருந்தது. மாசு மருவற்ற தோல். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அது ஏன் அப்படி நேர்கிறது என்பதை அறிவது கடினமன்று. இம்மென்பொருள்கள் மங்கிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகத்தைத் தோண்டி எடுப்பதில்லை. தாம் கற்ற முகங்களின் சாயலில், இந்த மங்கலுக்குப் பொருந்தக்கூடிய ஒன்றைப் புதிதாகச் செய்துதருகின்றன. இவற்றுள் பல, ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டி என்விடியா 2019இல் வெளியிட்ட 70,000 முகப்படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி காணப்பட்டது 1975இல். உலகிலிருந்தே நோய் ஒழிந்ததென்று 1980இல் அறிவித்துவிட்டார்கள். இணையத்தில் படம் ஏற்றிக்கொண்ட தலைமுறையினரிடம் அம்மைத் தழும்பை அந்த மென்பொருள் எங்கே கண்டிருக்கப்போகிறது? அதற்குத் தெரியாத முகத்தை அது தனக்குத் தெரிந்த முகமாக்கிவிடுகிறது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பல்ஸ் என்ற மென்பொருளில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது வெள்ளையர் ஒருவரின் முகம் வந்ததும் இதே கதைதான்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. அதில் குற்றம் இயந்திரத்தினுடையதன்று, மனிதருடையது. 2021 ஏப்ரலில் வைஸ் இதழ், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்சியினரால் கொல்லப்படுமுன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்களை வண்ணமேற்றி வெளியிட்டது. மூலப்படங்களில் சிரிக்காதவர்கள் சிலர் வண்ணப்படங்களில் சிரித்தார்கள். உறவினர்களும் கம்போடியப் பண்பாட்டு அமைச்சகமும் கொதித்தெழ, இதழ் அவற்றை நீக்கிக்கொண்டது. கொல்லப்படப்போகிறவரின் முகத்தில் சிரிப்பை வரைவதற்கு ஒரு கலைஞருக்கு எப்படிக் கை வந்தது என்று அப்போது கேட்டோம். அதே வடிகட்டியை, அதே நல்லெண்ணத்தோடு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஓட்டியவர்கள் நாங்கள் என்பது அடுத்த ஆண்டில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

பாரதியின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுக்கு வண்ணமேற்றி, தோலுக்கு மெருகேற்றி, விழியைக் கூர்மையாக்கிய 'புதிய' பாரதிகள் இணையத்தில் உலவுகிறார்கள். தம் வீட்டுப் படத்தை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் அழகு செய்துகொள்ளட்டும், அதில் தலையிட நாம் யார்? ஆனால் எழுத்தாளரின் படத்தை நூலிலோ இதழிலோ இடுகிறவர், பாடத்தை இடுகிற பதிப்பாசிரியரின் கடப்பாட்டை ஏற்றாகவேண்டும். எது மூலம், எங்கே திருத்தினோம் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? பாடபேதத்துக்கு அடிக்குறிப்பு இல்லையென்றால் பதிப்பாசிரியரைக் காய்ச்சி எடுக்கிற நமது விமரிசகர்கள், அதே நூலின் அட்டையில் இருக்கும் முகத்தை எவரும் கேள்வி கேட்டதாக நாங்கள் அறியவில்லை.

நூற்றாண்டுப் பதிப்பில் அந்த 40 புள்ளி முகத்தைப் பெரிதாக்காமல், குழுப்படம் முழுவதையும் அஞ்சலில் இருந்த அளவிலேயே, மடிப்போடும் கறையோடும் அச்சிட்டோம். உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் வந்தது. கீழே, 2009 பதிப்பில் உள்ள படம் எங்களால் சிதைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பும் சேர்த்தோம். மகளுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல ஒண்ணும் தெரியலையே" என்றார். ஆமாம் அம்மா என்றோம். கூடத்துப் படத்தை என்ன செய்வது என்று பேரன் கேட்டார். இருக்கட்டும் என்றார் அவர். சுவரில் ஆணியடித்த இடம் வெறுமையாக இருந்தால் நன்றாயிராது என்றார்.